இரண்டு தோளும் தரையில்

முகுந்த் தன் மனைவியைத் தூக்கிப் பாயில் கிடத்தினான். அவளுடைய இரண்டு தோள்களும் பாயில் பட்டன. பட்ட மறுநொடி அவன் கை தானாக விட்டுவிட்டது.

"போச்சு. மறுபடியும் வுட்ட" என்றாள் ரமா, படுத்தபடியே.

"வுடல. கை வழுக்கிச்சி."

"வழுக்கறதுக்கு நா இன்னா சோப்பா? எழுந்து நின்னு கையத் தூக்கப் பாத்த மாமா. நா பாத்துகினுதான இருக்கறேன்."

அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்து பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்த கனகவல்லி, அடிப்பதை நிறுத்தினாள். அவள் முகுந்தின் அம்மா. சண்டை பார்க்க வரும் கூட்டம் போடும் சத்தத்துக்குப் பதிலாகத்தான் அந்தத் தாம்பாளம்.

"இன்னாடா கூத்து இது? புருசனும் பொண்டாட்டியும் விடிஞ்சதும் தரையில உருள்றது, அதுக்கு நான் மேளம் வாசிக்கறது. உங்கப்பன் இருந்திருந்தா இந்த வூட்டுக்குள்ளயே வந்திருக்க மாட்டாரு."

"நீ அடிம்மா. நிறுத்தாத" என்றான் முகுந்த்.

"கை நோவுது."

"அத்த, இன்னும் பதினெட்டு தடவ பாக்கி. அதுக்கப்பறம் நா டூட்டிக்குப் போவணும்" என்றாள் ரமா. கொடியில் தொங்கிய ஈரப் பேண்டிலிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. ஜூலை பிறந்ததிலிருந்து புனேயின் போபோடியில் யார் வீட்டிலும் துணி காயவில்லை.

முகுந்துக்கு முப்பத்து மூன்று வயது. எடை நூற்றுப் பதினெட்டுக் கிலோ. ரமா ஐம்பத்திரண்டு. ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இரண்டு அறை வீடு. லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் சுவரில் சாய்த்து வைத்த சம்புடங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

அவன் அப்பா முனிரத்தினம் ஆரணிப் பக்கத்திலிருந்து, போபோடியை அடுத்த கட்கி வெடிமருந்து ஆலைக்கு வேலைக்கு வந்தவர். பையன் பன்னிரண்டு வயதிலேயே அவர் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டதால், பக்கத்துத் தெரு தாலீமில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தாலீம் என்பது குஸ்திக் கூடம். மஞ்சளும் எண்ணெயும் மோரும் கலந்து பதப்படுத்திய செம்மண் குழி, சுவரில் அனுமார் படம். பதினான்கு வருடம் முகுந்த் அந்த மண்ணில் புரண்டான். சாங்லி, சாத்தாரா என்று திருவிழாக் குஸ்திகளுக்குப் போய், ஆட்டுக்கிடாவும் தலைப்பாகையும் ஒரு தடவை வெள்ளிக் கதாயுதமும் வாங்கி வந்தான். பேப்பரில் அவனை "மதராசி பயில்வான்" என்று போட்டார்கள். அவன் பிறந்தது கட்கி ஆஸ்பத்திரியில்.

மண்ணில் விதி ஒன்றுதான். எதிராளியின் முதுகு தரையில் பட வேண்டும். இரண்டு தோளும் பட்டால் முடிந்தது. விட்டுவிட்டு எழுந்து, வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கலாம்.

இருபத்தேழு வயதில் குஸ்தி அவனை விட்டது. திருவிழாக்காரர்கள் ஹரியானாவிலிருந்து புது ஆட்களை இறக்க ஆரம்பித்தார்கள். இரண்டு வருடம் ஒரு மாலில் வாசல் காவலுக்கு நின்றான். சும்மா நிற்கத் தெரியாத உடம்பு. நின்ற இடத்திலேயே கால் மாற்றி, தோள் உருட்டி, போகிறவர்கள் பயந்து ஒதுங்கும்படி கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டிருந்தான். பிறகு யாரோ சொல்லி, எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டைக்குப் போனான். கம்பிவலைக் கூண்டுக்குள் இரண்டு பேர். குத்தலாம், உதைக்கலாம், பிடித்து நெரிக்கலாம். தோற்கிறவன் எதிராளியின் உடம்பை மூன்று முறை தட்ட வேண்டும். இல்லை, நடுவர் நிறுத்த வேண்டும். தோள் தரையில் படுவதற்கு அங்கே மதிப்பே கிடையாது.

ஹெவிவெயிட்டில் அவனுக்கு இதுவரை நான்கு சண்டை. முதல் இரண்டில் ஜெயித்தான். மூன்றாவதில், அடி தாங்காமல் குப்புறப் படுத்தான். மண்ணில் குப்புறப் படுத்தவனுக்கு ஆபத்தில்லை, முதுகு பத்திரம். கூண்டில் எதிராளி அந்த முதுகில் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான்.

நான்காவது சண்டை ஏப்ரலில் நடந்தது. அது இன்னும் மோசம். இரண்டாவது சுற்றில் முகுந்த், டெல்லிக்காரன் ஒருவனை இடுப்பில் ஏற்றித் தூக்கிப் போட்டான். மல்லாக்க விழுந்தான் டெல்லிக்காரன். இரண்டு தோளும் தரையில். கூட்டம் கத்தியது. முகுந்த் விட்டுவிட்டு எழுந்து நின்று வலது கையை மேலே தூக்கினான். படுத்திருந்தவன் கீழேயிருந்து ஓர் உதை விட்டான். குதிகால் கன்னத்தில் இறங்கியது.

மொத்தமே இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியைப் புனே முழுக்க போனில் பார்த்துச் சிரித்தார்கள். பான் கடைக்காரன்கூட முகுந்தைக் கண்டால் சுண்ணாம்புக் கையை மேலே தூக்கிக் காட்டினான்.

ரமா சிரிக்கவில்லை. அவள் போபோடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். மறுநாள் புருஷனை மெஷினில் படுக்க வைத்து, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து பொத்தானை அழுத்தியது அவள்தான். திரையில் வலது கண்ணுக்குக் கீழே, எலும்பில் ஒரு மெல்லிய கோடு. தலைமயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத் திரையைத் துடைத்தாள். கோடு அப்படியே இருந்தது.

ஜூன் மாதக் கடைசியில் டாக்டர் எலும்பு கூடிவிட்டது என்றார். மறுவாரமே சண்டைக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புனேயிலேயே. இதிலும் தோற்றால் இனிமேல் கூப்பிட மாட்டோம் என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் கிட்டு வீட்டுக்கு வந்தான். கோயமுத்தூர்ப் பையன், இருபத்தேழு வயது. பகலில் சாப்ட்வேர் வேலை. விடியற்காலையில் விஷ்ராந்த்வாடி ஜிம்மில் தரைச் சண்டை சொல்லிக்கொடுப்பான். எழுபது கிலோதான். ஆனால் முகுந்தை வாரத்துக்கு நான்கு தடவை நெரித்துத் தட்ட வைப்பான்.

கனகவல்லி அவன் முன்னால் ஒரு தட்டு களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். "துன்னு. உன்ன மாதிரி குச்சிகிட்ட எம்புள்ள தோக்கறான்னா எனக்கே மானம் போவுது."

"ஏனுங்கம்மா, நான் சாப்புட்டா மட்டும் அண்ணன் ஜெயிச்சுருவாருங்களா?" என்று சிரித்தான் கிட்டு. பிறகு முகுந்தைப் பார்த்தான். "அண்ணா, போன சண்டையில நீங்க அடிபட்டு தோக்கலீங்க. ஜெயிச்சுட்டோம்னு நெனச்சுத் தோத்தீங்க."

"தெரியுது கிட்டு. மூளைக்குத் தெரியுது. கைக்குத் தெரியலியே."

"கைக்குத்தான் சொல்லித்தரோணும். ஜிம்ல அது ஆகாதுங்க. அங்க அத்தனை பேரும் திமிறுவாங்க. திமிறுனா உங்க கை விடறதில்லை. எதிராளி அடங்கிப் படுத்தா, தோள் பட்டா, சத்தம் வந்தா, அப்பத்தான் விடுது. அதனால திமிறாத ஆள் ஒண்ணு வேணும். தினம் காலைல நாப்பது, சாயங்காலம் நாப்பது. தூக்கிப் போடோணும், கழுத்தையும் கையையும் சேத்துப் புடிக்கோணும், அந்த ஆள் மூணு தட்டு தட்டற வரைக்கும் விடக் கூடாது. உசுரு போனாலும் விடக் கூடாது."

"தலகாணியப் போட்டுப் பண்ணச் சொல்லு" என்றாள் கனகவல்லி.

"தலகாணிக்குத் தோள் இல்லீங்களேம்மா. தட்டவும் தெரியாது."

மூன்று பேரும் ரமாவைப் பார்த்தார்கள். அவள் அப்போதுதான் டூட்டியிலிருந்து வந்து குடையை உதறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாக்கறீங்க? நா வேணாம்னு சொல்ற வேலைக்கு நானே ஆளா?"

"அண்ணி, நீங்க வேணாம்னு சொன்னா அண்ணன் போகாம இருப்பாருங்களா?"

ரமா குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்தாள். அவளுக்கு அந்தக் கோடு ஞாபகம் வந்தது. அந்தக் கோடு அவன் விட்ட நொடியில் விழுந்தது. விடாமல் இருந்திருந்தால் விழுந்திருக்காது. மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பாயை அவளே விரித்தாள்.

முதல் நாள் நாற்பதில் முப்பத்தாறு தடவை விட்டான். அவன் பாரம் அவள்மேல் இறங்காமல் முழங்காலில் ஊன்றிக்கொண்டான். இருந்தாலும் கழுத்தைச் சுற்றிய அந்தக் கை ஈர மூட்டை மாதிரி கனத்தது. அவன் ஒவ்வொரு தடவையும் "நோவுதா?" என்று கேட்டான். "கேக்காத. கேட்டா கை தளருது" என்றாள் ரமா.

மழை கொட்டிக்கொண்டே இருந்தது. முளா நதி பாலத்துக்கு அடியில் பழுப்பாக ஏறியது. இரண்டாவது வாரம், எப்போது தட்டுவது என்பதை ரமா மாற்றிக்கொண்டே வந்தாள். ஒரு நாள் ஐந்து எண்ணியதும், ஒரு நாள் முப்பது எண்ணியதும். படுத்துக்கொண்டே கட்டிலுக்கு அடியில் பார்ப்பாள். என்றோ தொலைந்த கொண்டை ஊசி அங்கே கிடந்தது. காஸ் புக் பண்ண வேண்டும், சென்டரில் லீவு சொல்ல வேண்டும் என்று யோசித்து முடித்துவிட்டு, அவன் தோளில் மூன்று தட்டு. விடுவான்.

அந்த வாரக் கடைசியில், அவள் இன்னும் தட்டாமல் இருந்தபோது, பக்கத்து வீட்டு மல்லிகா கறிவேப்பிலை கேட்டுக்கொண்டு கதவைத் தள்ளினாள். கனகவல்லி சுவரில் சாய்ந்து தாம்பாளம் அடித்துக்கொண்டிருக்க, மகன் மருமகள்மேல் கிடந்தான்.

"அய்யோ, நா அப்பறமா வரேன்" என்று மல்லிகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள்.

"இரு மல்லிகா, இது குஸ்தி" என்று கனகவல்லி கத்தினாள். "சண்டைக்குப் பழக்கறோம்."

அதற்குள் சந்து முழுக்கச் செய்தி போய்விட்டது. ஆனால் முகுந்த் அசையவில்லை. பிடி தளரவில்லை. ரமாவின் காதோரம் அவன் மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அவள் தட்டியதும்தான் விட்டான். எழுந்து உட்கார்ந்து, "யாரோ வந்தாங்களா?" என்று கேட்டான்.

ரமா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு.

கடக்வாஸ்லா வேலை வந்தது அதே வாரம்தான். அந்த ஊர் அணைக்குப் போகும் ரோட்டில் ஒரு தனியார் ஹாஸ்டல் பள்ளிக்கூடம். அதன் விளையாட்டு டைரக்டர் ஜாதவ், ராணுவத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர், முழங்கால் எக்ஸ்ரேக்கு ரமாவின் சென்டருக்கு வந்தார். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, குஸ்தி மாஸ்டர் ஒருத்தன் கிடைக்க மாட்டேன் என்கிறான் என்று புலம்பினார். ரமா புருஷன் பெயரைச் சொன்னாள்.

"போபோடி முகுந்தா? அரே, நான் அவர் குஸ்தி பார்த்திருக்கேனே" என்று ஜாதவ் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அசைந்ததால் எக்ஸ்ரேயை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

குடியிருக்க இரண்டு அறை, மாதச் சம்பளம், மத்தியானச் சாப்பாடு. ஒரே நிபந்தனை: சேர்ந்தபின் கூண்டுச் சண்டைக்குப் போகக் கூடாது. ஆகஸ்ட் முதல் வியாழக்கிழமை வந்து மண்ணில் ஒரு குஸ்தி பிடித்துக் காட்ட வேண்டும். அந்த வியாழனுக்கு மூன்றாம் நாள்தான் சண்டை வைத்திருந்த ஞாயிறு.

முகுந்த் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்தான். வாசலுக்குப் போனான், திரும்பினான், மறுபடி போனான். அந்த இரண்டு அறையில் அவன் நடந்தால் மற்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

"உக்காருடா. தல சுத்துது எனக்கு" என்றாள் கனகவல்லி.

"பசங்களுக்கு வாத்தியாரா போவணுமா ரமா? முப்பத்து மூணு வயசுல?"

"வேற எந்த வயசுல போவ? கண்ணு போனப்பறமா?"

"கண்ணு இன்னா ஆச்சு இப்ப?"

"நா பாத்தேன் மாமா. அந்த எலும்ப நா பாத்தேன். நீ பாக்கல."

அவன் நின்றான். வெளியே ரயில் போயிற்று. சம்புடங்கள் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான்:

"சரி. வியாழக்கெழம வரேன். வேல கெடச்சா ஞாயித்துக்கெழம சண்டதான் கடேசி. அதுக்கப்பறம் கூண்டுப் பக்கம் போவல. கெடைக்கலன்னா, நீ இனிமே எதுவும் கேக்கக் கூடாது. பக்காவா?"

"பக்கா" என்றாள் ரமா உடனே. மண்ணில் அவனை யார் தோற்கடிக்க முடியும்? அவள் மனசுக்குள் அந்த இரண்டு அறைக்குத் திரைச்சீலை போட ஆரம்பித்துவிட்டாள்.

"கெடைக்காம இன்னா? எம்புள்ள பொறந்ததே மண்ணுக்குத்தான்" என்றாள் கனகவல்லி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வியாழக்கிழமை காலையிலும் வழக்கம்போல நாற்பது தடவை பழகிவிட்டு, ஒன்றுகூட விடாமல், குளித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சுவார்கேட்டில் பஸ் மாறினார்கள். இரண்டு பேர் சீட்டில் முகுந்த் உட்கார்ந்தபின் ரமாவுக்கு ஒரு சாண் மிஞ்சியது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது. முன்சீட்டுக் கிழவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"காலை ஆட்டாத மாமா."

"நா எங்க ஆட்டறேன். பஸ்ஸு ஆடுது."

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், தகரக் கொட்டகைக்குக் கீழே மண்குழி. கொட்டகைமேல் மழை கல் எறிவதுபோல விழுந்தது. பக்கத்து ஹாலில் மெத்தை விரிப்பின்மேல் பெண் பிள்ளைகள் பயிற்சி செய்யும் சத்தம் கேட்டது. மண்ணில் மட்டும் பெண்கள் கால் வைப்பதில்லை. அனுமார் படத்துக்குப் பக்கத்தில் மராத்தியில் எழுதியே போட்டிருந்தார்கள். ரமாவுக்குக் குழி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முகுந்த் லங்கோட்டாவோடு வந்தான். குழி ஓரத்தில் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணெடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். கால் உள்ளே இறங்கியது. மாதக்கணக்காக ஓயாமல் ஆடிய அந்தக் கால் மண்ணில் இறங்கியதும் நின்றதை ரமா பார்த்தாள். அவன் முகம்கூட வேறு மாதிரி இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு திருவிழாவில் பார்த்த முகம்.

எதிரே பரத் என்று ஓர் இளைஞன், பள்ளியின் உதவி மாஸ்டர். தொண்ணூற்றைந்து கிலோ, நல்ல பிடி. சுற்றிலும் நாற்பது பையன்கள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜாதவ் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தலையசைத்தார்.

இரண்டு பேரும் தோளோடு தோள் முட்டிச் சுற்றினார்கள். பரத் காலைப் பிடிக்க வந்தான், முகுந்த் பின்வாங்கினான். இன்னொரு தடவை வந்தான். அவன் வந்த வேகத்தையே வாங்கி, இடுப்பைத் திருப்பி, முகுந்த் அவனை மேலே ஏற்றிப் போட்டான். அழகான வீச்சு. பையன்கள் "ஆ" என்றார்கள். பரத் மல்லாக்க விழுந்தான். இரண்டு தோளும் மண்ணில்.

விசில் ஊதியது. பையன்கள் கை தட்டினார்கள். ஜாதவ் சிரித்தபடி ரமாவின் பக்கம் திரும்பினார்.

ரமா சிரிக்கவில்லை. முகுந்தின் வலது கை பரத்தின் கழுத்துக்கு அடியில் நுழைவதைப் பார்த்தாள். அந்தக் கை அடுத்து எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். இடது கையைக் கோத்துக்கொள்ளும். தலையை ஒட்டி வைத்துக்கொள்ளும். மூச்சு சீராகும்.

பரத் முதலில் திமிறவே இல்லை. முடிந்துவிட்டது, இப்போது விடுவான் என்று படுத்திருந்தான். பிறகு அவன் கால் மண்ணைக் கிளறியது. கை தரையில் கண்டபடி அடித்தது. எதிராளியின் தோளைத் தட்டிச் சைகை காட்டும் வழக்கம் குஸ்தியில் கிடையாது. அவனுக்கு யார் சொல்லித்தந்திருப்பார்கள்? விசில் மறுபடி ஊதியது. இன்னொரு தடவை. கைதட்டல் குறைந்து, நின்றது. "சோட், சோட்" என்று விடச் சொல்லி ஜாதவ் கத்தினார். முகுந்துக்கு இந்த மாதிரிச் சத்தமெல்லாம் ஒரு மாதமாகத் தாம்பாளத்தில் கேட்டுப் பழக்கம். சத்தம் வந்தால் விடக்கூடாது.

ரமாவின் நாற்காலி பின்னால் சாய்ந்தது. சர்டிபிகேட்டுகள் சேற்றில் சரிந்தன. செருப்பை உதறிவிட்டு அவள் குழிக்குள் இறங்கினாள். இரண்டே எட்டு. குனிந்து அவன் இடது தோளில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

சுவிட்சைத் தட்டியதுபோல முகுந்த் விட்டான்.

பரத் புரண்டு இருமினான். நாவல்பழம் மாதிரி கருத்திருந்த முகத்தில் மெல்லப் பழைய நிறம் திரும்பியது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். முகுந்த் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தான். நாற்பது பையன்களும் அவனையே பார்த்தார்கள். மண்ணில் நின்ற ரமாவின் பாதங்களைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"பாவு, மன்னிச்சிடு தம்பி" என்று பரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். பரத் கையை ஆட்டினான், பேச்சு வரவில்லை.

ஜாதவ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று ரமாவுக்கு இருந்தது. வராந்தாவுக்குக் கூட்டிப்போய் இரண்டு கிளாஸ் டீ வரவழைத்தார். சேறு படிந்த சர்டிபிகேட்டுகளைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துக் கொடுத்தார்.

"மேடம், நான் இவரோட குஸ்தி பத்து தடவையாவது பார்த்திருப்பேன்" என்றார் மராத்தியில். "முதுகு பட்டதும் விட்டுட்டு, எதிராளிக்குக் கை கொடுத்துத் தூக்கி விடுவார். அதுக்காகத்தான் கூப்பிட்டேன். இங்கே இருக்கிறது பதிமூணு வயசுப் பசங்க."

ரமா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தாள்.

அணைக்கட்டு ஓரம் கூட்டமாக இருந்தது. மதகு திறந்திருந்தார்கள். தண்ணீர் இரைந்து இறங்கியது. மழை பார்க்க வந்த ஜோடிகள் குடைக்குள் நின்று வெங்காயம் போட்ட காந்தா பஜ்ஜி தின்றன. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பெண் கரியில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தாள். ரமா இரண்டு வாங்கினாள். எலுமிச்சையும் மிளகாயும் தேய்த்துக் கொடுத்தாள் அந்தப் பெண். இரண்டு பேரும் மதிலில் சாய்ந்து நின்று கடித்தார்கள்.

"நா வேணும்னு பண்ணல ரமா."

"தெரியும்."

"உன் மனசுல இந்த வேல எப்டி இருந்துச்சின்னு எனக்குத் தெரியும்."

"திரைச்சீல வரைக்கும் வாங்கிட்டேன். மனசுலதான்."

அவன் சோளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. ஏதோ கேட்க வந்து, அடக்கி, மறுபடி வந்தான். கடைசியில் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டான்:

"ஆனா வுடலல்ல?"

ரமா திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் வெட்கமும் இருந்தது; மறைக்கத் தெரியாத சந்தோஷமும் இருந்தது. ஓங்கி ஓர் அறை விடலாம்போலக் கை வந்தது.

"வுடல" என்றாள்.

"தோள் பட்டுச்சி. எனக்குத் தெரிஞ்சிது. மண்ணுல கூட வுடல பாத்தியா?"

"பாத்தேன். அந்தப் பையன் கருத்துப்போனதையும் பாத்தேன். எத்தினி எண்ணின?"

"எண்ணல" என்றான் முகுந்த். "நீ தட்டுவன்னு இருந்தேன்."

கையிலிருந்த சோளத்தை ரமா அப்படியே வைத்திருந்தாள். மதகுத் தண்ணீரின் சத்தத்தில் அவன் சொன்னது அவளுக்குச் சிறிது நேரம் கழித்துத்தான் முழுசாகக் கேட்டது.

போன் அடித்தது. கனகவல்லி.

"கெடச்சிதாடி?"

"இல்ல அத்த."

"தோத்துட்டானா?"

"ஜெயிச்சாரு. ஆள வுடல."

"நாந்தான் அங்க தாம்பாளம் அடிக்கலியே, எப்டிடி வுடாம இருந்தான்?" என்றாள் கனகவல்லி. குரலில் கவலையா பெருமையா என்று ரமாவால் சொல்ல முடியவில்லை. "சரி, மழையில நிக்காதீங்க. களி கெளறி வெக்கறேன், வாங்க."

பஸ்ஸில் ஏறியதும் ரமா சொன்னாள்: "கிட்டுக்குப் போன் போடு. சாயங்காலம் வூட்டுக்கு வரச் சொல்லு."

"எதுக்கு?"

"இனிமே அவன் படுக்கட்டும். மல்லிகா புருசனும் வரட்டும், அத்தையும் ஒரு தடவ படுக்கட்டும். யார் தட்டினாலும் நீ வுடணும். நா தட்டினாதான் வுடுவன்னா, ஞாயித்துக்கெழம அந்த ஆளு செத்துப்பூடுவான். மூணு நாள்தான் இருக்குது."

முகுந்த் அவளைப் பார்த்தான். "நீ எதுவும் கேக்கக் கூடாதுன்னு பேச்சு."

"கேக்கலியே. சொல்றேன்."

சிறிது தூரம் போனபின் அவன் கேட்டான்: "நீ வரியா ஞாயித்துக்கெழம?"

நான்கு சண்டையில் ஒன்றுக்கும் அவள் போனதில்லை.

"வரேன்."

"பயப்படுவ."

"பயந்துகினே வரேன்."

சுவார்கேட்டில் பஸ் மாறினார்கள். போபோடி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சிவாஜி நகர் தாண்டுவதற்குள் முகுந்த் தூங்கிப்போனான். சேறு காய்ந்த சர்டிபிகேட் பையை நெஞ்சோடு அணைத்திருந்தான். இரண்டு கையும் பூட்டுப்போலக் கோத்திருந்தன. பஸ் குலுங்கியது, பள்ளத்தில் விழுந்து எழுந்தது, கோத்த கை தளரவில்லை. ஆனால் கால் ஆடாமல் இருந்தது. ரமா ஜன்னலை இழுத்து மூடிவிட்டு அவன் வலது கண்ணுக்குக் கீழே பார்த்தபடியே வந்தாள்.

கண்டக்டர் "போபோடி" என்று குரல் கொடுத்தார்.

எழுப்புவதற்காக ரமாவின் கை அவன் தோள் வரைக்கும் போனது. ஒரு தட்டு தட்டப்போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, காதருகே குனிந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.